வாழைமர மினார்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இது ஒரு கிளாஸில் முடிகிற சங்கதி இல்லை. வங்கதேசத்தில் பிப்ரவரி 21 என்ன நாள் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட எப்படித் தெரிகிறது என்று கேட்டீர்கள். பாடம் நடத்தித் தெரிவது கொஞ்சம்தான். முதலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள்.

விடிகாலையில் ‘பிரபாத் பேரி’ ஊர்வலம் கிளம்பும். கறுப்பு வெள்ளை உடை, வெறுங்கால், கையில் பூ, வாயில் அந்த நாளுக்கென்றே இருக்கிற பாட்டு. டாக்காவில் ஷஹீத் மினார் என்கிற தியாகிகள் நினைவுச் சின்னத்துக்குப் போகிற சாலையெல்லாம் அல்பனா போட்டிருக்கும், நம் மாக்கோலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. யாத்திரைதான், ஆனால் போய்ச் சேருகிற இடத்தில் சாமி கிடையாது. அதனால் எந்த மதத்துப் பிள்ளையும் அந்த வரிசையில் நடக்கலாம்.

“ஏன் செருப்பு போடக் கூடாது?” என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். பதிலைத் துப்பாக்கிச் சூட்டில் ஆரம்பிக்காதீர்கள். சின்னப் பிள்ளை பயந்துபோனால் அதற்குமேல் எதுவும் காதில் ஏறாது. மொழியில் ஆரம்பியுங்கள். 1947இல் பிறந்த பாகிஸ்தானில் இன்றைய வங்கதேசமும் சேர்ந்திருந்தது; அந்த நாட்டில் பாதிப் பேருக்கு மேல் பேசியது வங்காள மொழி. ஆனாலும் 1948 மார்ச்சில் நாட்டின் தலைவர் ஜின்னா டாக்காவுக்கே வந்து, உருது ஒன்றுதான் அரசு மொழி என்று சொல்லிவிட்டுப் போனார். “நாளையிலிருந்து பரீட்சை, மணியார்டர் பாரம், அப்பாவின் வேலை எல்லாமே உனக்குத் தெரியாத மொழியில்” என்று சொல்லிப் பாருங்கள், ஏழு வயதுக்குப் புரிந்துவிடும்.

பிறகு 1952 பிப்ரவரி 21. வங்காள மொழிக்கும் இடம் கேட்டு, 144 தடையை மீறி டாக்காவில் மாணவர்கள் திரண்டார்கள், போலீஸ் சுட்டது. செத்தவர்களில் அபுல் பர்கத் எம்.ஏ. மாணவர். அப்துல் ஜப்பார் மாணவரே இல்லை; மாமியாரின் வைத்தியத்துக்காக ஊரிலிருந்து டாக்கா வந்தவர். ஜப்பாரைச் சொல்லாமல் விடாதீர்கள். தியாகி என்றால் போஸ்டரில் முறைக்கிற முகம் என்று நினைக்கிற பிள்ளைக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு மருமகன் சட்டென்று பிடிபடுவார்.

பிள்ளைகள் கண் விரியக் கேட்பது மினாரின் கதையைத்தான். 23ஆம் தேதி இரவு, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்காக வைத்திருந்த செங்கல்லையும் சிமெண்டையும் எடுத்து மருத்துவக் கல்லூரி மாணவர்கள் விடிவதற்குள் ஒரு தூணை எழுப்பினார்கள். 26ஆம் தேதி போலீஸ் இடித்தது. அப்புறம் ஹமீதுர் ரஹ்மானும் சிற்பி நொவேரா அகமதுவும் வடிவமைத்த மினாரை 1963இல் பர்கத்தின் தாயார் திறந்துவைத்தார். 1971இல் பாகிஸ்தான் ராணுவம் அதையும் உடைத்தது. விடுதலைக்குப் பிறகு மறுபடி கட்டினார்கள். நடுவில் தலை குனிந்து நிற்கிற உயரமான தூண் தாய், இருபுறமும் இரண்டிரண்டாக நிற்பவை பிள்ளைகள்.

மினார் இல்லாத கிராமங்களில் பிள்ளைகளே கட்டிவிடுகிறார்கள். வாழைமரத்தை வெட்டி நட்டு, மூங்கிலை முட்டுக் கொடுத்து, கலர் காகிதம் ஒட்டி, பின்னால் சிவப்பு வட்டம் ஒன்று வைத்தால் மினார். பூவுக்கு? முந்தின ராத்திரி அடுத்த வீட்டுத் தோட்டம்! இதைத் திருட்டு என்று காதைத் திருக எனக்கு மனம் வராது. வாழை ரெண்டு நாளில் வாடிவிடும், அடுத்த வருஷம் திரும்பக் கட்ட வேண்டும். வருஷா வருஷம் கட்டுகிற பிள்ளைக்குத் தேதியை மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை.

நமக்கும் ஜனவரி 25 இருக்கிறது, மொழிப்போர் தியாகிகள் நாள். மாலை, கூட்டம், மைக் எல்லாம் உண்டு. ஒரு எட்டு வயதுப் பிள்ளை தன் கையால் செய்ய அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

யுனெஸ்கோ 1999இல் பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக்கியது என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். உருது பேசுகிறவன் எதிரி இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் இன்னொன்றையும் கேட்கவிடுங்கள்: அப்படியானால் அதே வங்கதேசத்தில் சக்மா, மர்மா, காரோ பேசுகிற பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்? 2017இல்தான் அரசு அந்த மூன்றோடு திரிபுரா, சாத்ரி சேர்த்து ஐந்து மொழிகளில் மழலையர் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தது. 1952இலிருந்து எத்தனை வருஷம் என்று பிள்ளையையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.