வீட்டு மோடமும் பொட்டல வடிகட்டியும்

பெங்களூரில் தொம்மலூர் போன்ற பகுதிகளில் அலுவலகப் பணியும் கல்வியும் வீட்டிலிருந்தே நடைபெறுகின்ற இந்நாளில், அகலக்கற்றை மோடத்தின் பாதுகாப்பு பொதுநலன் சார்ந்த பொருளாகிவிட்டது.

2017 ஜூலையில் நிகழ்ந்தது இதனைத் தெளிவாக்கும். பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் ஆயிரக்கணக்கான மோடங்கள் தீய மென்பொருளால் செயலிழந்தன. கர்நாடகமும் அதற்கு உள்ளாயிற்று. தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல் பல மோடங்களில் மாற்றப்படாமலே இருந்தது. நிறுவனங்கள் தொலைவிலிருந்து மோடத்தைப் பராமரிக்கப் பயன்படுத்தும் 7547 என்ற வாயிலும் வெளியுலகுக்குத் திறந்திருந்தது.

இத்தகைய வாயில்களைக் காப்பதே வடிகட்டியின் பணியாகும். இணையத்தில் தகவல் சிறுசிறு பொட்டலங்களாகச் செல்கிறது. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வாயில் எண் ஆகியவை உள்ளன. வாயில் எண் சேவையைக் குறிக்கும்: 443 பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கும், 23 டெல்நெட் என்னும் தொலைக் கட்டுப்பாட்டுக்கும் உரியன. வடிகட்டி இத்தலைப்பைப் படித்து, விதிப்பட்டியலுடன் மேலிருந்து கீழாக ஒப்பிடுகிறது. பெரும்பாலான கருவிகளில் முதலில் பொருந்தும் விதியே முடிவானது. எனவே விதிகளின் வரிசை இன்றியமையாதது.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் முதற்கண் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். அடுத்து, வெளியிலிருந்து அப்பக்கத்தைத் திறக்கும் வசதியை நிறுத்த வேண்டும். பின்னர் உள்வரும் பொட்டலங்களுக்கு மூன்று விதிகள் போதுமானவை: வீட்டிலிருந்து சென்ற கோரிக்கைகளின் மறுமொழியை அனுமதித்தல், 7547ஐ இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறத்தல், எஞ்சிய யாவற்றையும் மறுத்தல். மறுக்கும் விதியை முதலில் வைத்தால் மறுமொழிகளும் தடைபட்டு இணைப்பே பயனற்றுப் போகும். ஐ.பி.வி.6 முகவரிகளுக்கும் இவ்விதிகளைத் தனியே அமைக்க வேண்டியிருக்கலாம்.

வடிகட்டிக்கு எல்லையும் உண்டு. அது தலைப்பைப் பார்க்குமேயன்றி உள்ளடக்கத்தை ஆராயாது. மின்னஞ்சலில் நாமே திறந்துவிடும் தீய இணைப்பை அது தடுக்காது. மோடத்தின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும் தேவை.

கைப்பற்றப்பட்ட கருவி பிறரையும் தாக்கும். 2016 அக்டோபர் 21 அன்று, மிராய் மென்பொருள் கைப்பற்றிய கேமராக்கள் முதலிய வீட்டுக் கருவிகளைக் கொண்டே அமெரிக்காவின் டைன் நிறுவனம் தாக்கப்பட்டது. அதனால் பல பெரிய இணையதளங்கள் முடங்கின. ஆகவே, பாதுகாப்பான நிலையில் மோடங்களை வழங்குவது நிறுவனங்களின் கடமை. அந்நிலையைப் பேணுவது பயனாளரின் கடமை. இவ்விரண்டும் இணைந்தாலன்றி வலையமைப்பு உறுதி பெறாது.