ஊறுகாய் ஜாடியின் ஜெர்மன் பங்காளி

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் ஓர் ஊறுகாய் ஜாடி அகப்படும். தோள் வரை பழுப்பு, கீழே வெள்ளை. ஆண்டுக்கணக்கில் உப்பும் புளிப்பும் ஊறினாலும் அரிக்காது, கசியாது. மேல்பூச்சு மட்டும் இதற்குக் காரணமல்ல. பானை வேகும் சூட்டைத் தாண்டி 1200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடும்போது மண்துகள்கள் பாதி உருகிக் கல்லாக இறுகிவிடுகின்றன. உடைந்த ஓட்டின் விளிம்பில் நாக்கு நுனியை வைத்துப் பாருங்கள். பானை ஓடு ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடிக்கும். ஜாடி ஓடு பிடிக்காது. இந்த வகைக்கு ஸ்டோன்வேர் என்று பெயர்.

இந்தச் சூட்டை முதலில் ஆண்டவர்கள் சீனர்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சோழத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனா சென்றிருப்பதால் அதில் வியப்பில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக் குயவர்கள் இந்த இறுக்கத்தை எட்டியபோது 1300-ஐ நெருங்கிவிட்டது.

தாமதமாக வந்தாலும் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். சூளை உச்சச் சூட்டில் இருக்கையில் உள்ளே உப்பை அள்ளிக் கொட்டினார்கள். உப்பு ஆவியாகி, அதன் சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகப் படியும். தடவினால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். நாம் ஊறுகாய்க்கு உப்புப் போட்டோம். அவர்கள் ஜாடிக்கே போட்டார்கள்!

அங்கே ஃப்ரெஷன் என்ற ஊரில் கழுத்தில் தாடிக்காரர் முகம் பதித்த குடுவைகள் செய்தார்கள். 1629-இல் ஆஸ்திரேலியக் கரையோரம் மூழ்கிய டச்சுக் கப்பல் பட்டாவியாவிலும் அவை இருந்தன. வெஸ்டர்வால்ட் பகுதியில் சாம்பல் நிற உடலில் கோபால்ட் நீலப் பூவேலை. என் கண்ணுக்கு அதுதான் அழகு. 19-ஆம் நூற்றாண்டில் மெட்லாக் ஊரில் வில்லராய் அண்ட் போக் ஆலை செய்த மூடி போட்ட பீர் கோப்பைகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்றும் துரத்துகிறார்கள். அவர்கள் ஓவியத்தைப் பார்க்குமுன் கோப்பையைக் கவிழ்ப்பார்கள்: அடியில் முத்திரையும் அச்சு எண்ணும் இருக்கும். பிறகு விரலால் சுண்டுவார்கள். கணீரென்றால் முழுசு, மொத்தென்றால் எங்கோ கீறல்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நம் ஜாடிகளும் விலைக்கு நிற்கின்றன. பழைய சாமான்காரருக்குப் போடுமுன் உங்கள் வீட்டு ஜாடியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.