பயர்பாக்ஸில் செயற்கை நுண்ணறிவு: பயனரின் உரிமை எதுவரை?

மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய கட்டளைத் தொகுப்பை, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் இடந்தரும் மென்பொருளே திறமூல மென்பொருள் எனப்படுகிறது. அவ்வகையைச் சேர்ந்த பயர்பாக்ஸ் உலாவி செயற்கை நுண்ணறிவு உலாவியாக வளரும் என்று அதை உருவாக்கும் மோசில்லாவின் புதிய தலைமைச் செயல் அலுவலர் 2025 டிசம்பரில் அறிவித்தபோது, நெடுநாள் பயனர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. இத்தகைய வசதிகள் அனைத்தையும் ஒருசேர அணைக்க வழி செய்யப்படும் என்று நிறுவனம் வாக்களித்து, 2026 பிப்ரவரியில் வெளியான 148ஆம் பதிப்பில் அதைச் சேர்த்தது.

சேர்க்கலாமா கூடாதா என்று பொதுப்பட வாதிடுவதால் பெரும்பயன் இல்லை. கணிப்பு எங்கே நடக்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். 2023இல் 118ஆம் பதிப்பில் வந்த பக்க மொழிபெயர்ப்பு, தேவையான மொழிக் கோப்புகளை ஒருமுறை தரவிறக்கிக்கொண்டு பயனரின் கணினியிலேயே இயங்குவதால், படிக்கும் உரை வெளியே செல்வதில்லை. பக்கப்பட்டையில் திறக்கும் உரையாடல் செயலியோ சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற பிற நிறுவனச் சேவைகளுக்கான வாயில். பக்கத்தில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அருகே தோன்றும் சிறு பொத்தானைச் சொடுக்கிச் சுருக்கம் கேட்டால், அந்தப் பத்தி அந்நிறுவனத்தின் வழங்கிக்கு, அதாவது தொலைவிலுள்ள கணினிக்குப் போய்ச் சேரும். கட்சிக்காரரின் கடிதத்தை இணைய அஞ்சலில் படிக்கும் வழக்கறிஞருக்கு இந்த வேறுபாடு தொழில்முறைக் கடமையைத் தொடும் விஷயம். இரண்டு வசதிகளும் ஒரே உலாவிக்குள் அடுத்தடுத்து இருப்பதால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை.

திறமூல உரிமம் உலாவியின் நிரலைக் காக்கும். தொலைவிலுள்ள வழங்கியில் நடப்பதை அதனால் காக்க முடியாது. கணினிக்கே வந்து சேரும் மாதிரியும், அதாவது பயிற்சியின் வழியே உருவான எண்களின் பெருந்தொகுப்பும், மூலநிரலைப் போல வரிவரியாகப் படித்தறியக் கூடியதன்று. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு திறமூலச் செயற்கை நுண்ணறிவுக்கென 2024 அக்டோபரில் வெளியிட்ட வரையறை, பயிற்சித் தரவைப் பற்றிய விரிவான தகவலைக் கோருகிறதே தவிர, தரவு முழுவதையும் வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எனவே, திறமூலம் என்ற முத்திரையை மட்டும் நம்பி அமைதி கொள்வது சரியாகாது.

ஒரு வசதி எங்கே இயங்குகிறது என்பதை அறிய எளிய சோதனை உண்டு. தேவையான கோப்புகள் இறங்கிய பின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை இயக்கிப் பார்த்தால், வேலை செய்வது கணினிக்குள்ளேயே கணிப்பை முடித்துக்கொள்கிறது எனலாம். லிபர்ஆபிஸ் என்ற திறமூல அலுவலகத் தொகுப்பில் சேர்க்கும் நீட்சி ஏபிஐ சாவியை, அதாவது ஒரு சேவையை அணுகுவதற்கான அடையாளக் குறியைக் கேட்டால், உரை வெளியே போகக்கூடும் என்று கருதுவதே பாதுகாப்பு. பயர்பாக்ஸின் அமைப்புகளில் உள்ள செயற்கை நுண்ணறிவுக் கட்டுப்பாட்டுப் பகுதியில், வசதிகளைத் தனித்தனியாகவோ, இனி வரக்கூடியவற்றையும் சேர்த்தோ தடுக்கலாம்.

உரை ஏற்கெனவே போய்விட்டிருந்தால், அழிக்கக் கோரும் விண்ணப்பத்தை அதைப் பெற்ற சேவை நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். தரவைக் கையாள அளித்த இசைவையும், தந்த அதே எளிமையோடு திரும்பப் பெறும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறே கூறினும், அதன் முதன்மைக் கடமைகள் 2025 நவம்பரில் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருவதால், அதுவரை சட்டத்தைவிட அமைப்புகளில் உள்ள தடுப்பே விரைந்து கைகொடுக்கும்.