தடமற்ற மேற்கு மலை

சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்ற அனுகூலமாயிருந்த வறண்ட வானிலைக்குக் காரணம் கேட்பவர், மழை கழுவிய ஒரு காலைப்பொழுதில் மேற்றிசையை நோக்கினால், தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் கேரளத்தின் பக்கமே இறக்கிவிட்டு நிற்கும் மலைத்தொடரைக் காண்பார். அதில், தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி சுந்தரமகாலிங்கர் சந்நிதிவரை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் திரளும் பக்தர்களின் பாதங்கள் தேய்த்த பாதையொன்று உண்டு. ஏகாந்தம் நாடுவோருக்கு அது உகந்ததன்று. அப்பால், கேரள எல்லையில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்த கோட்டைமலை போன்ற சிகரங்களுக்கு மனிதன் சமைத்த வழி கிடையாது.

அத்தகைய பிரதேசத்தில், சரிவறிந்து நடக்கும் யானையின் தடமே சிறந்த துணையெனினும், அது மூங்கிற் புதருக்குள் மறைந்தபின், பாறையையும் பள்ளத்தையும் ஒருங்கே மூடி, பனியில் நனைந்து, முழங்கையைக் கீறும் ஆளுயரப் புல்லைக் கைகளால் விலக்கியே ஏறவேண்டும். மூடுபனியில் திசை தப்பியவன், நீர் போகும் வழி ஊருக்குத்தானே போகும் என்று ஓடையைப் பற்றி இறங்குவானாயின், அருவியின் உச்சியில் மேலும் கீழும் போக இயலாமல் திகைப்பான். ஆகையால் அனுபவஸ்தர்கள் மலையின் முதுகெலும்பை விடுவதில்லை. கோடையிலோ, அதே புல் காய்ந்து அக்கினிக்கு இரையாகும்; 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியோர் பலரை மாய்த்தது அத்தகைய தீயே.

சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988-லும், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக 2021-லும் அறிவிக்கப்பட்ட, சதுரகிரியைச் சூழ்ந்த இக்காட்டில், வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம்.