விண்ணில் ஓர் ஒண்டுக்குடித்தனம்

பெருநகரம் ஒன்றின் காற்று ஒரே நாளில் பலமுறை மாறுகிறது. காலை எட்டு மணியளவில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்லும் ஊர்திகள் சாலைகளை நிறைக்கும்போது, அவற்றின் எஞ்சின்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகின்றன. வெயில் ஏற ஏற அவ்வாயுக்கள் காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களுடன் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கில் இருந்து உயிர்களைக் காக்கும் அதே ஓசோன், தரைக்கு அருகில் உருவாகும்போது மூச்சுக்குழாயை வருத்தும் நஞ்சாகிறது. நண்பகலில் கதிரவன் ஒளியால் நைட்ரஜன் டைஆக்சைடு குறைந்து, மாலை நெரிசலில் மீண்டும் பெருகுகிறது. ஆஸ்துமா நோயுள்ள குழந்தை எந்த நேரத்தில் வெளியே விளையாடலாம் என்பதை அறிய, ‘இன்றைய காற்று எப்படி உள்ளது?’ என்று கேட்பது போதாது. ‘இந்த மணி நேரத்தின் காற்று எப்படி உள்ளது?’ என்று கேட்க வேண்டும்.

செயற்கைக்கோள்கள் இவ்வினாவுக்கு நெடுங்காலம் விடை சொல்ல இயலாதவையாகவே இருந்தன. 2004ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஆரா, 2017ஆம் ஆண்டு ஏவப்பட்ட சென்டினல்-5பி ஆகிய கோள்களில் காற்றின் மாசை அளக்கும் சிறந்த கருவிகள் உள்ளன. எனினும் அவை புவியின் இரு துருவங்களையும் ஒட்டி, முறையே 705, 824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை. அவை ஓர் ஊரின் மேல் பகலில் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியளவில்தான். காலை நெரிசலும் மாலை நெரிசலும் அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. நோயாளியை நாள்தோறும் மதிய உணவுக்குப் பின் மட்டுமே பார்க்கும் மருத்துவர், இரவுக் காய்ச்சலை எங்ஙனம் அறிவார்?

ஓர் ஊரை இடைவிடாது பார்க்க வேண்டுமெனில், அவ்வூருடன் சேர்ந்தே நகரும் இடம் தேவை. அத்தகைய இடம் வானில் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றும் கோள், புவி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் அதே கால அளவில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆதலால் தரையிலிருந்து பார்ப்பவர்க்கு அது அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். இதுவே புவிநிலைச் சுற்றுப்பாதை. அங்கிருந்து புவியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரப்பைப் பகல் முழுவதும் காணலாம்.

அவ்வுயரத்துக்குச் செல்லும் செலவுதான் தடை. மாசளக்கும் கருவி துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவே இருக்கலாம். ஆனால் அதனைச் சுமக்கக் கோளின் உடல், கதிரவன் ஒளியை மின்னாற்றலாக்கும் தகடுகள், நிலைப்படுத்தும் உந்துபொறிகள், எரிபொருள், தரைநிலையம், ஏவூர்தி ஆகிய யாவும் வேண்டும். கருவியைவிட அதன் வண்டிக்கே பொருள் மிகுதியாகச் செலவாகும்.

இந்நிலையில் ஆய்வாளர்களின் பார்வை வணிக நிறுவனங்களின் மீது திரும்பியது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் இணைய இணைப்புக்குமாகத் தகவல்தொடர்பு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதே பாதைக்குக் கோள்களை அனுப்பிவருகின்றன. அவை எப்போதும் புவியை நோக்கியே நிற்பவை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைக்கத்தக்கவை. அவற்றில் புவியை நோக்கிய பக்கத்தில் சிறிது இடமும், தகடுகளில் சிறிது மின்னாற்றலும் மிச்சம் இருப்பதுண்டு. அந்த மிச்சத்தை வாடகைக்குப் பெற்று அறிவியல் கருவியைப் பொருத்தினால், கோளும் ஏவூர்தியும் தனியே வேண்டியதில்லை. நகரத்து வீடுகளில் ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பகிர்ந்துகொள்ளும் ஒண்டுக்குடித்தனம் போன்றது இது. கோள் வீட்டுக்காரர்; கருவி குடியிருப்பவர்.

இரு வேறு பணிகளை ஒரே கோளில் இணைப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. வணிக வாடகை முறையில் அன்றி, அரசின் திட்டமாகவே இன்சாட் வரிசைக் கோள்கள் அவ்வாறு அமைக்கப்பட்டன. 1983 ஆகஸ்ட் 30 அன்று சாலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற இன்சாட்-1பி, தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய கருவிகளோடு மேகங்களைப் படம்பிடிக்கும் கருவியையும் சுமந்தது. நாடெங்கும் தூர்தர்ஷன் பரவியதற்கும், வங்கக் கடலில் உருவாகும் புயலை வானிலிருந்து காண முடிந்ததற்கும் ஒரே கோள் துணைநின்றது. இத்தகைய பகிர்வின் மறுபக்கத்தையும் இந்தியா அதற்கு முன்பே கண்டிருந்தது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ, கோளை நிலைப்படுத்தும் எரிபொருள் தீர்ந்ததால் அவ்வாண்டு செப்டம்பரிலேயே கைவிடப்பட்டது. அதன் தொலைபேசித் தொடர்பும் வானிலைக் கண்ணும் ஒரே நாளில் போயின.

வணிகக் கோளில் இடம்பெறும் கருவிக்கு முதல் கட்டளை, வீட்டுக்காரருக்குத் தீங்கு செய்யாதே என்பதாகும். கருவி பழுதடையலாம், ஆனால் அப்பழுது கோளின் மின்சுற்றைத் தாக்கக் கூடாது. அதன் வெப்பம் அண்டையிலுள்ள கருவிகளைச் சுடக் கூடாது. அதன் மின்காந்த அலைகள் ஒளிபரப்பைக் குலைக்கக் கூடாது. கோளின் வருவாய் தகவல்தொடர்பிலிருந்தே வருவதால், இரு பணிகளுக்கும் இடையே முரண் எழுந்தால் அறிவியல்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

குடியிருப்பவரின் தொல்லைகளும் சிறியன அல்ல. அவற்றுள் கடினமானது குறி பார்ப்பதாகும். கோள் பத்தில் ஒரு பாகை திரும்பினால், 35,786 கிலோமீட்டருக்குக் கீழே பார்வை ஏறத்தாழ 62 கிலோமீட்டர் விலகிவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் பரப்புக்கு அலைகளைப் பொழியும் கோளுக்கு இவ்விலகல் ஒரு பொருட்டன்று. சில கிலோமீட்டர் அகலமுள்ள பகுதிகளைத் தனித்தனியே அளக்கும் கருவிக்கோ, ஒரு நகரத்தின் புகையை அடுத்த நகரத்தின் கணக்கில் எழுதும் பிழை அது. ஆகவே ஒவ்வோர் அளவீடும் புவியின் எந்த இடத்துக்குரியது என்பதைத் தனியே கணித்துத் திருத்த வேண்டியுள்ளது. இதனுடன் கோளின் உந்துபொறிகள் கக்கும் வாயு ஆடிகளில் படியாமல் காப்பதும் வேண்டும்.

இவை யாவும் முன்னரே அறிந்து சமாளிக்கத்தக்கவை. அறிய இயலாத இடரும் உண்டு என்பதை கோல்டு என்னும் கருவி காட்டிற்று. புவியின் மேல் வளிமண்டலத்தின் வெப்பத்தையும் அங்குள்ள வாயுக்களின் விகிதத்தையும் புறஊதா ஒளியால் ஆராய அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அதனை உருவாக்கியது. வணிகத் தகவல்தொடர்புக் கோளில் இடம்பெற்ற நாசாவின் முதல் அறிவியல் திட்டம் அது. லக்சம்பர்க் நாட்டு நிறுவனத்தின் எஸ்.இ.எஸ்.-14 என்னும் கோள் அதன் இல்லம். 2018 ஜனவரி 25 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு தளத்திலிருந்து ஏரியான்-5 ஏவூர்தி அதனைச் சுமந்து புறப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களுக்குப் பின் ஏவூர்தியிடமிருந்து செய்தி நின்றுபோயிற்று.

கோள் அழியவில்லை, வழி தவறியிருந்தது. ஏவுதிசையைக் குறிக்கும் மதிப்பு 20 பாகை வேறுபட்டுப் பதிவாகியிருந்தமையே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. நிலநடுக்கோட்டுக்குச் சற்றே சாய்ந்து செல்ல வேண்டிய பாதை, ஏறத்தாழ 20 பாகை சாய்ந்துவிட்டது. கோல்டு கருவியை வடிவமைத்தவர்கள் இப்பிழையில் எப்பங்கும் இல்லாதவர்கள். அதனைச் சரிசெய்யும் வழியும் அவர்களிடம் இல்லை. கோளில் மின்னுந்துபொறி இருந்தது நல்வாய்ப்பாயிற்று. செனான் வாயுவை மின்னேற்றி வெளியேற்றும் அப்பொறியின் விசை மிக மெல்லியது. ஆயினும் மாதக்கணக்கில் ஓயாது இயங்கவல்லது. அதன் உதவியால் எஸ்.இ.எஸ்.-14 தன் இருப்பிடத்தை அடைந்தது. தாமதம் சுமார் நான்கு வாரங்களே. 2018 அக்டோபரில் கோல்டு தன் ஆய்வைத் தொடங்கியது.

வீடு கிடைக்காமலே போன கருவியும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் மேல் கார்பன் டைஆக்சைடு, மீத்தேன் ஆகியவற்றை அளக்கும் ஜியோகார்ப் திட்டம் 2016இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. வணிகக் கோளில் இடம்பெறுவதே அதன் முதல் ஏற்பாடு. அதே காலத்தில் தாழ்ந்த பாதைகளில் நூற்றுக்கணக்கான சிறு கோள்களை ஏவி இணையம் வழங்கும் போக்கு வளர, புவிநிலைப் பாதைக்குப் புதிய கோள் வாங்கும் நிறுவனங்கள் குறைந்தன. வாடகை வீடுகளே அருகின எனலாம். முதலில் சுமார் 17 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட செலவு 60 கோடியைக் கடக்கும் என்ற நிலையில், 2022 நவம்பரில் நாசா அத்திட்டத்தைக் கைவிட்டது.

நகரங்களின் காற்றை மணிதோறும் காணும் கனவு டெம்போ என்னும் கருவியில் நிறைவேறியது. 2012இல் தேர்வு பெற்ற அத்திட்டத்தை ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் வழிநடத்தியது. 2018இல் கருவி ஆயத்தமாயிற்று. அதனை ஏற்றிச்செல்லும் கோள்தான் முடிவாகவில்லை. கருவி பெட்டிக்குள் காத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த கருவியை உறையிட்டு வைத்துவிட்டு வாடகை வீடு தேடுவது ஆய்வாளர்க்கு எளிதாக இருந்திராது. அறிவியல் கருவியை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். வணிக நிறுவனமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் கோளை வாங்கி ஏவிவிடும். இவ்விரு காலக்கணக்குகளும் ஒத்துவருவது அரிது. இறுதியில், வானூர்திகளுக்கும் கப்பல்களுக்கும் இணைய இணைப்பு வழங்கும் இன்டெல்சாட் 40இ என்னும் கோளில் டெம்போவுக்கு இடம் கிடைத்தது. 2023 ஏப்ரல் 7 அன்று ஃபால்கன்-9 ஏவூர்தி புளோரிடாவின் கேப் கெனாவரலிலிருந்து இரண்டையும் சேர்த்தே சுமந்து சென்றது.

மேற்குத் தீர்க்கக்கோடு 91 பாகைக்கு நேர்மேலே நிற்கும் டெம்போ, அட்லாண்டிக் கரை முதல் பசிபிக் கரை வரையிலும், மெக்சிகோ முதல் கனடாவின் பெரும்பகுதி வரையிலும் பார்க்கிறது. தரையிலும் மேகத்திலும் பட்டுத் திரும்பும் கதிரவன் ஒளியை அது நிறங்களாகப் பிரிக்கிறது. நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், ஃபார்மால்டிஹைடு ஆகிய ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. திரும்பிவரும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கொண்டு எந்த வாயு எவ்வளவு உள்ளது எனக் கணிக்கலாம். சிறு ஆடி ஒன்று பார்வையைக் கிழக்கிலிருந்து மேற்காகப் படிப்படியாக நகர்த்த, பகலில் மணிக்கு ஒருமுறை அப்பரப்பு முழுவதும் அளக்கப்படுகிறது.

2023 ஆகஸ்டில் வெளியான முதல் படங்களில், நகரங்களின் மேலும் நெடுஞ்சாலைகளின் மேலும் நைட்ரஜன் டைஆக்சைடு பகல் முழுவதும் கூடுவதும் குறைவதும் தெரிந்தன. 2024 மே மாதம் முதல் அவ்வளவீடுகள் எவரும் பெறத்தக்கனவாயின. ஆசியாவுக்குத் தென் கொரியா 2020இல் ஏவிய ஜெம்ஸ் என்னும் கருவி இத்தகைய பணியைச் செய்கிறது. அது அரசுக் கோளில் அமைந்தது. அதன் பார்வையின் மேற்கு ஓரம் இந்தியாவின் ஒரு பகுதியைத் தொடுகிறது.

பசிபிக் கரையில் கதிரவன் மறைந்தபின் டெம்போவுக்கு வாயுக்களை அளக்க ஒளி இல்லை. அப்போதும் அதே கோளின் மறுபணி நிற்பதில்லை. இருட்டில் பறக்கும் விமானங்களிலுள்ள பயணிகளின் மின்னஞ்சல்கள் அதன் வழியே போய்க்கொண்டிருக்கின்றன.