பேசும் விளக்கும் பேசாத ஆட்டுக்கல்லும்

கோலாலம்பூரில், 1863-ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலால் பெயர் பெற்றது மஸ்ஜித் இந்தியா. அங்கே புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே பாத்திரக் கடைகளும் உண்டு. தோசைக்கல், இடியாப்ப உரல், மாவு அரைக்கும் மின் இயந்திரம் என அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பொருள்களுக்கு வாய் இருந்தால், அவை என்ன பேசும்?

இவ்வினாவை மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் தம் மாணாக்கரிடம் கேட்பதுண்டு. ‘தன்கதை’ என்னும் கட்டுரைப் பயிற்சியே அது. உயிரற்ற பொருளொன்று ‘நான்’ என்று தன் வரலாற்றைச் சொல்வதாக மாணாக்கர் எழுதுவர். ஆனால், எழுதப்படும் கட்டுரைகளுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. காலணியாயினும் குடையாயினும் தொழிற்சாலையில் பிறக்கும், லாரியில் ஏறும், கடையில் விலைச்சீட்டோடு காத்திருக்கும், ஒருவர் வாங்கிச் செல்வார், சில நாள் உழைக்கும், பழுதடைந்து மூலையில் கிடந்து கண்ணீர் விடும். பெயரை மட்டும் மாற்றினால் குடையின் கதை காலணிக்கும் பொருந்திவிடும். அக்கட்டுரையில் எழுத்துப் பிழை இல்லாதிருக்கலாம். ஆயினும் அங்கே பேசுவது குடை அன்று.

வேதாளம் புகுந்த விளக்கு

பொருள்கள் பேசுவது தமிழ்க் கதைக்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையில் அரியணைப் படிகளிலுள்ள பதுமைகள் ஒவ்வொன்றும் கதை சொல்லும். பேசாமடந்தையைப் பேசவைக்கும் பகுதியிலோ, அவள் அறையிலுள்ள விளக்கு முதலிய பொருள்களுள் வேதாளம் புகுந்துகொண்டு பேசும். கேட்பவர்க்கு வியப்பும் சுவையும் உண்டு. எனினும், அங்கே ஒலிப்பது விளக்கின் குரலன்று, வேதாளத்தின் குரலே. விளக்கை எடுத்துவிட்டுக் கட்டிலை வைத்தாலும் கதை மாறாது.

மாணாக்கரின் தன்கதையிலும் பெரும்பாலும் நிகழ்வது இதுதான். எழுதும் பிள்ளை பொருளுக்குள் புகுந்து பேசுகிறது, பொருள் பேசவில்லை. பொருளே பேசவேண்டுமாயின் கதைக்கு என்ன நெறி வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

புலவர் கண்ட நெறி

கேட்பன போலவும் பேசுவன போலவும் அஃறிணைப் பொருள்களைக் கூறும் வழக்கு உண்டென நன்னூலின் பொதுவியல் ஏற்றுக்கொள்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதிற்கொடிகள் ‘வாரல்’ என்று கைகாட்டுவன போல அசைகின்றன. இதனைத் தற்குறிப்பேற்ற அணி என்று ஆசிரியர் கற்பிப்பர். கொடி காற்றில் அசைவது இயல்பு. அவ்வியல்பான அசைவின் மீதே இளங்கோவடிகள் தம் குறிப்பை ஏற்றினார். கொடியை நடக்கவோ அழவோ வைத்தாரல்லர். பொருளின் இயல்பை மீறாது அதற்கு உள்ளம் தருவதே அவர் காட்டும் நெறி.

ஐந்து கருவிகளின் பயணம்

இந்நெறியை வேறொரு நாட்டில், வேறொரு கலையில் காணலாம். அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் டிஷ் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட குறுநாவலொன்றைத் தழுவி, ஜெர்ரி ரீஸ் இயக்கத்தில் 1987-ஆம் ஆண்டில் ‘தி பிரேவ் லிட்டில் டோஸ்டர்’ என்னும் கேலிச்சித்திரப் படம் உருவாயிற்று. ‘வீரமிகு சின்ன ரொட்டி வாட்டி’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம்.

காட்டுப்பகுதியில் உள்ள விடுமுறை இல்லமொன்றில் ரொட்டி வாட்டி, மேசை விளக்கு, வானொலி, மின்போர்வை, தூசி உறிஞ்சி ஆகிய ஐந்தும் தம் சிறிய எசமானனுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அவன் வரவில்லை. வீடு விற்பனைக்கு வருவதை அறிந்ததும், அவனைத் தேடி நகரத்துக்குப் புறப்படுகின்றன. அப்போது வளர்ந்துவிட்ட அவனோ, அவற்றை எடுத்துவர அவ்வீட்டுக்கே சென்றிருக்கிறான்.

இப்படத்தின் கதைமரபுகளுள் நான்கு கருதத்தக்கவை.

முதலாவது, தொழிலே குணமாகிறது. போர்வை குழந்தையைப் போல அணைப்பை நாடுகிறது. வானொலி ஓயாது பேசுகிறது. குப்பையை விழுங்கும் தூசி உறிஞ்சி சிடுசிடுக்கிறது.

இரண்டாவது, இயல்பே எல்லையாகிறது. மின்சாரமின்றி இவை நெடுந்தொலைவு செல்ல இயலாது. ஆகவே, சக்கரங்கள் பொருத்திய அலுவலக நாற்காலியொன்றில் மோட்டார் வண்டியின் மின்கலத்தை வைத்துக் கட்டி, அதைத் தூசி உறிஞ்சி இழுத்துச் செல்கிறது. மின்கலம் தீர்ந்தபோது, விளக்கு இடிமழையில் நின்று மின்னலைத் தன்மேல் வாங்கி அதற்கு ஆற்றல் ஊட்டுகிறது. அத்தியாகத்தை விளக்குத்தான் செய்ய முடியும், போர்வையால் இயலாது.

மூன்றாவது, மனிதர் காணும்போது இவை அசைவதில்லை. பிற்காலத்தில், 1995-ஆம் ஆண்டின் ‘டாய் ஸ்டோரி’ப் படத்திலும் பொம்மைகள் இவ்விதியையே காக்கின்றன. கண் மறைந்ததும் வீட்டுப் பொருள்கள் என்ன செய்கின்றனவோ என்று பிள்ளைகளை எண்ணவைப்பது இவ்விதியே.

நான்காவது, பொருளுக்கு ஒரு வேட்கை உண்டு. தன்கதைக் கட்டுரையில் பொருள் தனக்கு நேர்ந்தவற்றைச் சொல்கிறது. இப்படத்திலோ பொருள் ஒன்றை விரும்பி, அதற்காகத் துன்புறுகிறது.

1991-ஆம் ஆண்டில் வந்த ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்திலும் மெழுகுவத்தித் தண்டும் கடிகாரமும் பேசுகின்றன. ஆனால், அவை சாபத்தால் உருமாறிய மனிதர்கள். அதனை வேதாள மரபின் உறவு எனலாம். ரொட்டி வாட்டி எப்போதும் ரொட்டி வாட்டியே.

பயன் தீர்ந்தால்?

படத்தின் இறுதிப் பகுதி சிறுவர் படத்துக்குக் கடுமையானது. நகர வீட்டிலுள்ள புதிய கருவிகள் பழையவற்றைக் குப்பைத் தொட்டியில் தள்ளிவிடுகின்றன. பழைய இரும்புக் கிடங்கில், நொறுக்கும் பொறியை நோக்கிச் செல்லும் மோட்டார் வண்டிகள் தத்தம் வாழ்க்கையைப் பாடிக்கொண்டே அழிகின்றன. தன்கதையின் வடிவம் இங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு நினைவு. பின்னர் அப்பொறியில் எசமானனே சிக்கிக்கொள்ள, ரொட்டி வாட்டி பற்சக்கரங்களிடையே பாய்ந்து அவனைக் காக்கிறது. நசுங்கிய அதனை அவன் செப்பனிட்டு, ஐந்தையும் தன்னுடன் கொண்டுசெல்கிறான்.

இங்கே ஆசிரியர் ஒன்றைப் பிள்ளைகளோடு பேசவேண்டும். பயன்படும் வரையில்தான் மதிப்பா? எசமானன் வேண்டுமென்றால்தான் வாழ்வா? படம் அன்பைக் காட்டி இதற்கு விடை கூறுகிறது. அவ்விடை போதுமா என்பதைப் பிள்ளைகளே ஆராயட்டும்.

லயத்தில் தங்கிய கல்

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. துணிமூட்டையையும் சாமிப்படத்தையும் எடுத்துச் செல்லலாம். ஆட்டுக்கல்லை நான்காம் மாடிக்கு எப்படி ஏற்றுவது?

அந்த ஆட்டுக்கல் பேசட்டும். அது தொழிற்சாலையில் பிறந்த கதையைச் சொல்ல வேண்டியதில்லை. குழவியைச் சுற்றிய கைகளை அது அறியும். தீபாவளிக்கு முந்திய இரவு எத்தனை வீட்டு மாவு அரைபட்டது என்பதை அறியும். தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் மாவு அரைபடாது. உளியால் கொத்தினால்தான் மீண்டும் அரைக்கும். ஆகவே, வலியும் பயனும் ஒன்றாக வருவதை அது அறியும். அதனால் நடக்க இயலாது. அதுவே அதன் எல்லை. லயத்து வாசலில் பிள்ளைகளின் குரலை மீண்டும் கேட்க விரும்புகிறது; அதுவே அதன் வேட்கை.

‘ஆட்டுக்கல் சொன்னான்’ என்று எழுத வேண்டியதுமில்லை. ‘ஆட்டுக்கல் சொன்னது’ என அஃறிணையாகவே நிற்கட்டும். நம் பாட்டிமார் கதையில் நரியும் காக்கையும் அஃறிணை முடிபோடுதான் பேசின. கதை கேட்ட பிள்ளைகளுக்கு அவற்றின் உள்ளம் புரியாமற் போகவில்லை.

தன்கதை கற்பிக்கும் ஆசிரியர், எழுதத் தொடங்குமுன் நான்கு வினாக்களைக் கேட்டால் போதும். இப்பொருளின் தொழில் என்ன? அதனால் இயலாதது எது? யாரும் காணாதபோது அது என்ன நினைக்கிறது? அது எதை விரும்புகிறது? இவற்றுக்கு விடை தேட மாணாக்கர் தம் வீட்டுக்குள் சென்று பார்க்கவேண்டும், பாட்டியிடமும் கேட்கவேண்டும். பாட்டி சொல்லத் தொடங்கினால், ஆட்டுக்கல்லின் கதையோடு ஒரு தோட்டத்தின் கதையும் கட்டுரைக்குள் வந்து சேரும்.