ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ்... எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் சத்து சேருமா?

2024 ஏப்ரலில் சென்னை புறநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சுகாதாரத்துறை விசாரணை வரை போன அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 'இந்த ஆபரேஷன் சேஃப்தானா?' என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பும் பெரும்பாலானோருக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. சாப்பிடுகிற கொஞ்ச சாப்பாட்டில் இருந்து சத்து உடம்பில் சேருமா?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இருப்பவர்கள் இந்த ஆபரேஷனுக்காக பெரும்பாலும் மதுரைக்கோ, கோவைக்கோ, சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். அது சில நாள் வேலை. அதன் பிறகான மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஊரில் இருந்தபடி ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை.

இது ஏன் முக்கியம்? 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு பருமனாக இருந்தாலே சத்தும் நிறைய இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே இரும்புச்சத்து குறைவாக இருக்கும் உடம்பில், அதை உறிஞ்சும் வழியையே மாற்றுகிற ஆபரேஷன் இது.

சத்து எங்கே உறிஞ்சப்படுகிறது?

சிறுகுடலின் நீளம் சராசரியாக 6 மீட்டர். ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு சத்துக்கும் அதில் ஒரு 'ஸ்டாப்' இருக்கிறது. இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான். வைட்டமின் பி12 கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. ஆனால், அதற்கு இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு சிறப்புப் புரதமும் தேவை.

பைபாஸ் ஆபரேஷனில் நடப்பதை ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையிலேயே போய்விடும் பஸ்ஸோடு ஒப்பிடலாம். பஸ் சீக்கிரம் போய்விடும். ஊருக்குள் இறங்க வேண்டிய பயணிகள்தான் இறங்க முடியாது. அந்தப் பயணிகள்தான் இரும்பும் கால்சியமும்.

1. ஸ்லீவ்

இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குடலில் கை வைப்பதில்லை என்பதால் சத்து உறிஞ்சும் பாதை அப்படியே இருக்கும். அதனால் 'ஸ்லீவ் என்றால் மாத்திரையே வேண்டாம்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமிலமும் அந்தச் சிறப்புப் புரதமும் குறைவதால் பி12 குறையலாம். சாப்பிடும் அளவே குறைவதால் இரும்பும் புரதமும் குறையலாம். சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும்.

2. ரூ-என்-ஒய் பைபாஸ்

இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் சின்னப் பை ஒன்றை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு ஆங்கில 'ஒய்' வடிவில் இணைப்பார்கள். உணவு டியோடினத்துக்குள் போகாது. சர்க்கரை நோய், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவைவிட இதில் பலன் அதிகம். விலையாக, இரும்பு, கால்சியம், பி12 மூன்றும் குறையும் வாய்ப்பும் அதிகம். ஒரு கரண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்டால்கூட சிலருக்கு வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு வரலாம். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குவதால் வரும் இதற்கு 'டம்பிங்' என்று பெயர்.

3. மினி பைபாஸ்

1997ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கிய முறை. இந்தியாவிலும் பரவலாகச் செய்யப்படுகிறது. இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு. வழக்கமாக 150 முதல் 200 சென்டிமீட்டர் குடலைத் தாண்டிவிடுவார்கள். பெயரில்தான் 'மினி'. தாண்டும் நீளம் கூடக் கூட எடை இறங்கலாம், புரதமும் இரும்பும் சேர்ந்து இறங்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

4. டியோடினல் ஸ்விட்ச்

ஸ்லீவோடு சேர்த்து, உணவும் செரிமான நீரும் கலக்கும் இடத்தைக் கடைசி 100 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கும் முறை. எடை அதிகம் குறைவதும் இதில்தான், சத்துக்குறைபாடு அதிகம் வருவதும் இதில்தான். கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாததால் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் வெளியே போய்விடும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரலாம். அதனால் குறைவானவர்களுக்கே இது செய்யப்படுகிறது.

மாத்திரை எவ்வளவு?

அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை சங்கம் தரும் பொதுவான தினசரி அளவுகள் இவை. உங்களுக்கான அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

• பி12: 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு ஊசி
• இரும்பு: மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி.
• கால்சியம்: 1,200 முதல் 1,500 மி.கி. (டியோடினல் ஸ்விட்ச் என்றால் 1,800 முதல் 2,400)
• வைட்டமின் டி: 3,000 யூனிட்
• புரதம்: குறைந்தது 60 கிராம்

இதில் டைமிங்கும் முக்கியம். இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. 2 மணி நேர இடைவெளி தேவை. டீயும் இரும்பைத் தடுக்கும். காலை 11 மணி டீயோடு சேர்த்து மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

60 கிராம் புரதம், நம்ம ஊர் தட்டில்

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். 100 கிராம் வெந்த கோழிக்கறியில் சுமார் 25 கிராம். சின்ன இரைப்பையில் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவோ சாத்தூர் காராசேவோ முதலில் போனால், முட்டைக்கு இடம் இருக்காது. அதனால் தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு.

தண்ணீரையும் மடமடவென்று குடிக்க முடியாது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என வெயிலிலும் வெக்கையிலும் வேலை பார்ப்பவர்கள், பாட்டிலைப் பக்கத்தில் வைத்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

எதை அலட்சியப்படுத்தக் கூடாது?

களைப்பு, மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல். தீபாவளி ஆர்டர் நேரத்தில் இவற்றை 'வேலை அதிகம், வெயில் அதிகம்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. ரத்தசோகையாக இருக்கலாம். கை, கால் மரத்துப்போனால் பி12 குறைபாடாக இருக்கலாம்.

இவற்றைவிட அவசரமானது தொடர் வாந்தி. வைட்டமின் பி1 உடம்பில் சில வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். வாந்தி நிற்காமல் போனால் அது தீர்ந்து, பார்வைத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், ஞாபகக் குழப்பம் வரை போகும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது பொருந்தும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட அறிவுறுத்தப்படுகிறார்கள். பைபாஸ் வகைகளில் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம் என்பதால் வேறு வழி பற்றி டாக்டரிடம் பேசுவது நல்லது.

கையெழுத்துப் போடும் முன்

மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, 18 வயது நிறைந்து, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், தீவிர தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தாலோதான் கவரேஜ் கேட்க முடியும். ஆனால், ஆயுள் முழுக்க வாங்கும் மாத்திரைச் செலவு பெரும்பாலும் நம் பாக்கெட்டில் இருந்துதான்.

எனவே டாக்டரிடம் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு ஏன் இந்த வகை? எவ்வளவு குடலைத் தாண்டப் போகிறீர்கள்? ஆபரேஷனுக்கு முன்பே என் ஹீமோகுளோபின், இரும்பு இருப்பு, பி12, வைட்டமின் டி அளவைப் பார்த்துச் சரிசெய்வீர்களா? 3, 6, 12 மாதங்களிலும், பிறகு வருடா வருடமும் எந்தெந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

நான்காவது கேள்விக்கான பதிலை எழுதி வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ரத்தத்தை ஊரிலேயே கொடுத்து, ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பலாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.